பக்குவம் செய்தால் விஷம் போய்விடுமா?

"டாக்டர், நாபி விஷம். எட்டிக்கொட்டை விஷம். அதையெல்லாம் நீங்க சுத்தி பண்ணி மருந்தாக் குடுக்கறீங்க. நானும் அதைத்தானே பண்றேன்? எவ்வளவு பக்குவமா இதைத் தயார் பண்றேன்னு பாருங்க!"

2017 டிசம்பரில் ஒருநாள் காலை, என் கிளினிக்கில் உட்கார்ந்து இப்படிக் கேட்டார் ஒரு பெரியவர். வால்பாறைப் பக்கம் டீ எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். வயது அறுபத்தெட்டு. பொள்ளாச்சியில் வீடு. வாயின் வலது ஓரத்தில் ஒரு பைப். பற்ற வைக்கவில்லை. கிளினிக் என்பதால் அந்த மரியாதை! ஆனாலும் சும்மாவாவது பல்லிடுக்கில் இருந்தாக வேண்டும் அவருக்கு.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் சரியான பதில் இல்லை. சிரித்து மழுப்பிவிட்டேன். என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

'பைப்பா? அது வெள்ளைக்காரத் துரைங்க சமாசாரமாச்சே... எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாது' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெரியவர்கள் அதைச் 'சுங்கான்' என்பார்கள். உங்கள் வீட்டில் சுங்கான் இல்லாமல் இருக்கலாம். பாட்டியின் சுருக்குப் பையில் போயிலைத் துணுக்கு இருக்கும். தாத்தாவின் இடுப்பு மடிப்பில் பொடி மட்டை இருக்கும். இலை ஒன்றுதான். ஒவ்வொருவரும் தன்னுடையதுதான் 'நல்ல பக்குவம்' என்று நம்புகிறார்களே, அந்த நம்பிக்கையும் ஒன்றேதான்.

குழந்தை கை, பெண் கை, ஆண் கை

பெரியவர் வந்த காரணம் நாக்கு எரிச்சல். ஆனால் எரிச்சலைப் பற்றி இரண்டு நிமிஷம்தான் பேசினார். மீதி அரை மணி நேரம் புகையிலைப் பாடம்! எனக்கும் அன்றைக்குக் கூட்டம் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

காய்கறி நறுக்குகிறோம். கூட்டுக்கு ஒரு அளவு, பொரியலுக்கு ஒரு அளவு, ஊறுகாய்க்கு ஒரு அளவு. பைப் புகையிலையும் அப்படித்தானாம். 'ரிப்பன்' என்பது சேமியா மாதிரி நீள நீளமாக வெட்டியது. அப்படியே கிள்ளிப் போட்டு நிரப்பலாம். அதையே இன்னும் மெல்லிசாக, குங்குமப்பூ நார் போலச் சீவினால் 'ஷாக்'. தீக்குச்சியைக் காட்டினாலே பிடித்துக்கொள்ளும். சீக்கிரம் சூடேறும். ஷெர்லாக் ஹோம்ஸ் கதை படித்தவர்களுக்குத் தெரியும், துப்பறியும் அந்த மனுஷர் ஒரு பாரசீகச் செருப்பின் நுனியில் புகையிலையை அடைத்து வைத்திருப்பார். அவருக்குப் பிடித்தது இந்த ஷாக் ரகம்தான்.

இலைகளை அடுக்கி, பிரஸ்ஸில் வைத்து நாள்கணக்கில் அழுத்தினால் பர்பி போல ஒரு கட்டி கிடைக்கும். சீவாமல் அப்படியே விற்றால் 'ப்ளக்'. பேனாக்கத்தியால் செதுக்கித்தான் பயன்படுத்த வேண்டும். மெல்லிய வில்லைகளாகச் சீவி அடுக்கினால் 'ஃப்ளேக்'. கற்கண்டு மாதிரி சின்னச் சதுரமாக வெட்டினால் 'க்யூப் கட்'. இலையைக் கயிறு போல முறுக்கி வைப்பதும் உண்டு. அதைக் குறுக்கே வெட்டினால் நாலணாக் காசு மாதிரி வட்டம் வட்டமாக வரும்.

"எதுக்கு ஸார் இத்தனை விதம்? எல்லாம் எரியத்தானே போகுது?" என்றேன்.

"அதான் டாக்டர் விஷயமே!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். பொடிசாக இருந்தால் காற்று படும் பரப்பு ஜாஸ்தி. சடசடவென்று எரியும், சூடும் அதிகம். கனமாக, கெட்டியாக இருந்தால் மெதுவாக எரியும், புகை குளிர்ச்சியாக வரும். அவசரக்காரனுக்கு ரிப்பன். பொறுமைசாலிக்கு ஃப்ளேக்.

இதை நான் உடனே புரிந்துகொண்டேன். எங்கள் பாடமும் இதுதானே! குடிநீருக்கு என்றால் சரக்கை ஒன்றிரண்டாக இடித்தால் போதும். சூரணத்துக்கு என்றால் இடித்து, மெல்லிய துணியில் சலித்து 'வஸ்திரகாயம்' செய்ய வேண்டும். பொடியின் நயம் மாறினால் மருந்து உடம்பில் சேரும் வேகமும் மாறும். பாளையங்கோட்டைக் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும்போது கை காய்க்கக் காய்க்க இடித்தவன் நான். அதனால் அவர் பேச்சு எனக்கு இனித்தது.

அடுத்தது அடைக்கும் வித்தை. முதலில் ஈரம் பார்க்க வேண்டும். ஒரு சிட்டிகையை விரலால் அழுத்தினால் உருண்டையாக ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காக நொறுங்கவும் கூடாது. ஃப்ளேக் என்றால் ஒரு வில்லையை மடித்து அப்படியே சொருகலாம். அல்லது உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து நார் நாராகப் பிரிக்கலாம். பிறகு மூன்று தடவையாக நிரப்ப வேண்டும். முதல் சிட்டிகையைக் குழந்தையின் கையால் அழுத்துவது போல, இரண்டாவதைப் பெண்ணின் கையால், மூன்றாவதை ஆணின் கையால்! பற்ற வைக்கும் முன் வெறுமே இழுத்துப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிப்பது போல லேசான தடை தெரிந்தால் சரியான பதம். காற்றாக வந்தால் தளர்ச்சி. கன்னம் ஒட்டினால் இறுக்கம்.

முதல் தீக்குச்சி சும்மா மேல்பக்கத்தைக் கருக்குவதற்கு. சூட்டில் புகையிலை புஸ்ஸென்று மேலே எழும்பும். அதை ஒரு சின்ன உலோகக் கட்டையால் லேசாகத் தட்டிச் சமன் செய்துவிட்டு, இரண்டாவது குச்சியில்தான் நிஜமான நெருப்பு.

இவ்வளவு சிரத்தையை ஒரு மனுஷன் எதில் காட்டினாலும் அவரை மதிக்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதுதான் நான் செய்த முதல் தப்பு.

நான் பார்த்ததும் பார்க்காததும்

"நாக்கு எரிச்சல் எங்க ஆளுங்களுக்கு சகஜம் டாக்டர். 'டங் பைட்'னு சொல்வோம். புகையிலை கொஞ்சம் ஈரமா இருந்திருக்கும், இல்லேன்னா நான் வேகமா இழுத்திருப்பேன். பித்தத்துக்கு ஏதாவது குடுங்க" என்றார்.

நோயாளியே வியாதியின் பெயரைச் சொல்லி, மருந்தையும் சொன்னால் வைத்தியன் ஜாக்கிரதையாக வேண்டும். நான் ஆகவில்லை.

வாயைத் திறக்கச் சொன்னேன். மேல் அண்ணம் வெளுத்து, தோல் தடித்து, நடுநடுவே சிவப்புப் புள்ளிகள். பைப் பிடிப்பவர்களுக்குச் சூட்டினால் வரும் கோளாறு இது. பழக்கத்தை விட்டால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். 'கண்டுபிடித்துவிட்டேன்' என்ற திருப்தியில் டார்ச்சை அணைத்துவிட்டேன். திரிபலா சூரணத்தில் வாய் கொப்பளிக்கச் சொன்னேன். மணத்தக்காளிக் கீரை, நெல்லிக்காய் லேகியம். பைப்பைக் குறையுங்கள் என்று ஒரு வார்த்தை. 'விடுங்கள்' என்றுகூடச் சொல்லவில்லை!

நாக்கை வெளியே இழுத்து, இரண்டு ஓரங்களையும் அடிப்பக்கத்தையும் பார்த்தேனா? இல்லை.

அவர் நடுவில் மூன்று தடவை வந்தார். எரிச்சல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்றார். நானும் சந்தோஷப்பட்டேன். ஏழாவது வாரம் அவருடைய மனைவியும் கூட வந்தார். அந்த அம்மா கதவோரமாகவே நின்று சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை எழுப்பியது.

"டாக்டர், இவர் இப்பல்லாம் இட்லியைக்கூட இடது பக்கமேதான் மெல்றார். கேட்டா ஒண்ணுமில்லேங்கறார்."

பைப் இருப்பது எப்போதும் வலது ஓரத்தில்! உடனே பஞ்சுத் துணியால் நாக்கைப் பிடித்து இடது பக்கமாக இழுத்தேன். வலது ஓரத்தில், கடைவாய்ப் பல்லுக்கு நேராக, புளியங்கொட்டை அளவுக்கு வெள்ளையும் சிவப்புமாக ஒரு திட்டு. விரலால் தொட்டால் அடியில் கெட்டி.

அன்றைக்கு நான் மருந்து எழுதவில்லை. கோவையில் ஒரு மருத்துவமனைக்குக் கடிதம்தான் எழுதினேன்.

சுத்தி வேறு, ருசி வேறு

இப்போது அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எங்கள் மருத்துவத்தில் நச்சுச் சரக்கை மருந்தாக்குகிறோம். வாஸ்தவம். ஆனால் எப்படி?

நாபிக் கிழங்கைக் கோமூத்திரத்தில் நாள்கணக்கில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்தி எடுக்கிறோம். எட்டிக்கொட்டையைப் பாலில் வேகவைத்து, தோலையும் நடுவில் இருக்கும் முளையையும் நீக்குகிறோம். (தயவுசெய்து வீட்டில் செய்து பார்க்காதீர்கள். உயிருக்கே ஆபத்து.) இதெல்லாம் சடங்கு இல்லை. நாபியில் இருக்கும் அகோனிட்டின் என்ற கொடிய நஞ்சு, ஊறும்போதும் வேகும்போதும் உடைந்து, வீரியம் பல மடங்கு குறைந்த வேறு பொருளாக மாறுகிறது என்று இன்றைய ரசாயனப் பரிசோதனைகளும் காட்டியிருக்கின்றன. அதற்குப் பிறகும் அளவு குன்றிமணிக்கும் குறைவு. இத்தனை நாள் என்று கணக்கு உண்டு. கூடவே பத்தியம்.

புகையிலைக்குச் செய்கிற பக்குவத்தைப் பாருங்கள். நோக்கமே வேறு! காரலை அடக்கி, தொண்டையில் இறங்கும்படி செய்ய வேண்டும். அவ்வளவுதான். சிரியா நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயரைக் கொண்ட 'லட்டாக்கியா' ரகத்தை விறகுப் புகையில் தொங்கவிட்டுக் கறுக்க வைக்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 'பெரிக்' என்று ஒரு ரகம். பீப்பாயில் போட்டு அழுத்தி, தன் சாற்றிலேயே ஏறக்குறைய ஒரு வருஷம் ஊற வைப்பார்கள், நம் வீட்டு ஊறுகாய் ஜாடி மாதிரி. 'கேவன்டிஷ்' என்றால் இனிப்பு சேர்த்து, ஆவி காட்டி, அழுத்தி எடுத்தது. நம் ஊர் வெற்றிலைப் போயிலை மட்டும் என்ன? வேதாரண்யம் பக்கம் இலையைக் காயவைத்து, அட்டி போட்டுப் புழுங்க வைக்கிறார்கள். வெல்லப்பாணி சேர்த்துப் பதம் செய்வதும் உண்டு. எல்லாம் கைத்திறமைதான். நான் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் இதில் ஒரு கொடுமை இருக்கிறது. புகையிலைக்கே உரிய சில நைட்ரோசமைன்கள் உண்டு. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பட்டியலிலேயே வைத்திருக்கும் சரக்கு. பச்சை இலையில் இவை மிக மிகக் குறைவு. காயவைக்கும்போதும், புளிக்க வைக்கும்போதும்தான் அதிகமாக உண்டாகின்றன! இலையில் இருக்கும் நைட்ரேட்டை நுண்கிருமிகள் மாற்ற, அது நிகோடின் வகைச் சத்துகளோடு சேர்ந்து இந்த நஞ்சு பிறக்கிறது. அதாவது, நாங்கள் பக்குவம் செய்தால் விஷம் உடைகிறது. அங்கே பக்குவம் செய்யச் செய்ய, இல்லாத விஷம் சேருகிறது.

இன்னொன்று. பைப், சிகரெட் புகையிலையில் வாசனைக்கும் இனிப்புக்கும் என்னென்னவோ சேர்ப்பார்கள். கொக்கோ, வெனிலா, ரம், வெல்லக் கழிவுப் பாகு... அதில் முக்கியமான ஒரு சரக்கு எது தெரியுமா? நம் அதிமதுரம்! இருமலுக்கு நான் பொடித்துக் கொடுக்கிற அதே வேர். தொண்டைக்கு இதமாக இருக்கட்டும் என்றுதான் அங்கேயும் சேர்க்கிறார்கள். எரிச்சல் இருந்தால்தானே மனுஷன் நிறுத்துவான்? எரிச்சல் என்பது உடம்பு அடிக்கிற மணி. மணியின் நாக்கில் துணியைச் சுற்றிவிட்டால் சத்தம் கேட்காது. திருடன் வருவது நிற்குமா?

பெரியவர் எப்போதும் சொல்வார்: "நான் உள்ளே இழுக்க மாட்டேன் டாக்டர். வாயோட சரி."

இதற்கு வெற்றிலை போடுகிற நம் வீட்டுப் பெண்களுக்கே பதில் தெரியும். போயிலையோடு ஏன் சுண்ணாம்பு தடவுகிறோம்? சுண்ணாம்பின் காரம் பட்டால்தான் போயிலை 'பிடிக்கும்'. காரத்தன்மை கூடினால் நிகோடின் கன்னத்துச் சதை வழியாகவே விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறும். மூக்குப் பொடியில் சுண்ணாம்பு சேர்ப்பதும் அதே கணக்குதான். சிகரெட் புகை பொதுவாகப் புளிப்புத் தன்மை உள்ளது. அதனால் நெஞ்சு வரை இழுத்தால்தான் போதை ஏறும். சுருட்டு, பைப் புகை பெரும்பாலும் காரத்தன்மை கொண்டது. உள்ளே இழுக்கவே வேண்டாம், வாயே போதும்! வாயில் நிற்கும் புகை வாய்க்கு வேண்டிய கெடுதலைச் செய்கிறது. எச்சிலில் கரைந்து உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்கும் போகிறது.

பைப் பாதுகாப்பானது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். 1964-ல் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்ட பிரபலமான அறிக்கை, சிகரெட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது. பைப் பிடிப்பவர்களின் மரண விகிதம் பிடிக்காதவர்களைவிடப் பெரிதாக அதிகமில்லை என்றும் அதில் இருந்தது. உலகம் பூராவும் பைப்காரர்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அதே அறிக்கை, பைப்புக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் உள்ள காரண உறவு உறுதியாகிவிட்டது என்றும் சொன்னதே, அதை யாரும் படிக்கவில்லை! உதட்டுப் புற்றுக்கும் பைப்புக்கும் தொடர்பு இருப்பதாக 1795-லேயே சோமரிங் என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். பிறகு 2004-ல் அமெரிக்கப் புற்றுநோய் சங்கத்தின் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. பைப் மட்டுமே பிடித்த ஆண்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல், கணையம்... இத்தனை இடத்துப் புற்றுக்கும் ஆபத்து கூடுதல் என்று தெரிந்தது. இருதய நோயும் பக்கவாதமும் தனி. சிகரெட்டைவிட நுரையீரலுக்குக் கெடுதி குறைவு என்பது உண்மை. ஆனால் மாடியிலிருந்து விழுவதைவிடப் பரணிலிருந்து விழுவது நல்லது என்று யாராவது ஏறிக் குதிப்பார்களா?

எங்கள் வீட்டுக் குப்பை

மற்றவர்களைச் சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தை மறைத்தால் நியாயமாகாது. 'மூலிகைப் பீடி', 'மூலிகைப் பைப் கலவை', 'நிகோடின் இல்லாத ஆரோக்கியப் புகை' என்றெல்லாம் விற்கிறார்கள். துளசி இருக்கிறது, கிராம்பு இருக்கிறது, ரோஜா இதழ் இருக்கிறது என்று அட்டையில் படம். வாங்குபவர்களும், 'சித்த மருத்துவத்துலயே புகை உண்டாமே டாக்டர்?' என்று என்னிடமே சாட்சிக்கு வருகிறார்கள்.

உண்டு. எங்கள் புற மருந்துகள் 32 வகையில் 'புகை' ஒன்று. வேப்பிலைப் புகை, சாம்பிராணிப் புகை, புண்ணுக்குக் காட்டும் புகை என்று பலவிதம். மூச்சிரைப்புக்கு ஊமத்தை இலைப் புகையும் ஒரு காலத்தில் பிடித்தார்கள். வெள்ளைக்காரர்களும் அதையே சிகரெட்டாகச் சுருட்டி ஆஸ்துமாவுக்கு விற்றார்கள். ஆனால் அதெல்லாம் ஒரு நோய்க்கு, ஒரு வேளைக்கு, வைத்தியர் பக்கத்தில் இருந்து கொடுத்தது. சாப்பிட்டதும் ஒன்று, பேப்பர் படிக்கும்போது ஒன்று என்று நாள் பூராவும் பிடிப்பதற்கு எந்தச் சித்தர் சொன்னார்? துளசியே ஆனாலும் எரிந்தால் கரியும் தாரும் கார்பன் மோனாக்ஸைடும்தான் வரும். துளசியின் புண்ணியம் அதில் வராது. இப்படிச் சரக்கு விற்கிற என் சக வைத்தியர்கள் சிலருக்கு இதைப் படித்தால் கோபம் வரும். வரட்டும்.

இன்னொரு சங்கதி. புகையிலை இந்த மண்ணின் சரக்கே கிடையாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் கப்பலில் வந்தது. அக்பரின் கடைசிக் காலத்தில்தான் டெல்லிப் பக்கத்து அரண்மனைகளிலேயே எட்டிப் பார்த்தது. ஜஹாங்கீர் 1617-ல் தடை போட்டார். யார் கேட்டார்கள்? நானூறு வருஷத்தில் தாம்பூலத் தட்டில் ஏறி, கல்யாணப் பந்தல் வரை வந்துவிட்டது. நம்முடைய 'சுருட்டு' என்ற வார்த்தைதான் இங்கிலீஷில் 'செரூட்' ஆனது என்று பெருமைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். பெருமைப்பட வேறு எதுவுமா இல்லை?

கைக்கு என்ன வேலை?

பெரியவருக்கு வந்தது ஆரம்பக் கட்டப் புற்றுநோய். 2018 பிப்ரவரியில் ஆபரேஷன். நாக்கின் வலது ஓரத்தில் ஒரு பகுதியையும், கழுத்தில் நெறிகளையும் எடுத்தார்கள். பிழைத்துவிட்டார். 'ர'வும் 'ல'வும் இப்போது சரியாக வருவதில்லை. எஸ்டேட்டில் எத்தனையோ பேரை அதட்டிய குரல் அது.

ஏழு வாரம். அதில் என் பங்கு எவ்வளவு என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டேன். "இன்னும் லேட்டாகியிருந்தால் கஷ்டம்" என்றார். நல்ல மனிதர், அதற்கு மேல் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என் கிளினிக்கில் யார் எதற்கு வந்தாலும், புகையிலைப் பழக்கம் உண்டு என்றால் நாக்கை வெளியே இழுத்து ஓரம், அடிப்பக்கம், கன்னத்தின் உள்பக்கம் எல்லாம் பார்க்காமல் விடுவதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தப் பழக்கம் இருந்தால், மாதம் ஒரு தடவை வெளிச்சத்தில் நிற்க வைத்து நீங்களே பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தொட்டால் கெட்டியாக இருக்கும் இடம், வாயைத் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி, திடீரென்று பல்செட் பொருந்தாமல் போவது... எது இருந்தாலும் கஷாயம் தேட வேண்டாம். என்னைப் போன்றவர்களிடம் வந்து நாளைக் கடத்தவும் வேண்டாம். பல் டாக்டரிடமோ, காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ நேரே போங்கள். வலி இல்லையே என்று இருந்துவிடாதீர்கள், ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. சாப்பிடும்போது எந்தப் பக்கம் மெல்லுகிறார் என்று கவனியுங்கள். அதை எந்த டாக்டரும் பார்க்க முடியாது. சோறு பரிமாறுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

விடுவதற்கு உதவி வேண்டுமென்றால் மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது: 1800-11-2356. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிடுகிறார்கள். நிகோடின் சூயிங்கம் போன்றவற்றையும் டாக்டரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். 'அது இங்கிலீஷ் மருந்தாச்சே, நீங்க சொல்லலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. வீடு பற்றி எரியும்போது கிணற்றுத் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்று பார்ப்பார்களா?

பெரியவருக்குப் புகையிலை ஆசையைவிடப் பெரிய தொந்தரவாக இருந்தது கைகள்தான். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், "கை சும்மா இருக்க மாட்டேங்குது டாக்டர், எதையாவது கிள்ளணும், தேய்க்கணும் போல இருக்கு" என்று எழுதிக் காட்டினார். முப்பது வருஷமாகத் தினமும் எட்டுப் பத்து தடவை செய்த வேலை. எத்தனை இலேகியம் கொடுத்தாலும் அந்த இடம் நிரம்பாது.

யோசித்து, ஒரு சின்ன இரும்பு உரலும் உலக்கையும் வாங்கிக் கொடுத்தேன். சுக்கு, மல்லி விதை, கொஞ்சம் ஏலக்காய். 'உங்க வீட்டுக்கு வேண்டிய சுக்குமல்லிப் பொடியை இனிமேல் நீங்கதான் இடிக்கணும்' என்றேன். முதலில் முறைத்தார். ஒரு மாதம் கழித்து அந்த அம்மா வந்து புலம்பினார்: "டாக்டர், மல்லி ஈரமா இருக்காம், இன்னும் ஒரு வெயில் காட்டணுமாம். சுக்கு நார் தெரியுதாம், துணியில மறுபடி சலிக்கணுமாம். ஒரு டம்ளர் காபிக்கு என்னை இந்தப் பாடு படுத்தறார்!"

இப்போதும் மாதம் ஒருமுறை பரிசோதனைக்கு வருகிறார். வரும்போது ஒரு சின்ன டப்பாவில் பொடி கொண்டுவருவார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் முன்பே, டார்ச்சை அவரே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு நாக்கை நீட்டுகிறார்.